டீயை நிறுத்தினார்கள், ஆளைக் குறைத்தார்கள், அடுத்து என்ன?

கேள்வி: ஐயா, திருச்சியில் ஒரு சூப்பர் மார்க்கெட் கிளையில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். பில்லிங்கில் சேர்ந்தேன், இப்போது ஃப்ளோர் சூப்பர்வைசர். சம்பளம் 19,500 ரூபாய். அதில் பேசிக்கும் டிஏவும் சேர்ந்து 13,000. பல ஊர்களில் கிளை உள்ள கம்பெனி. மூன்று வருடமாகச் செலவைக் குறைக்கிறோம் என்று ஒவ்வொன்றாக நிறுத்துகிறார்கள். முதலில் மாலை டீ போனது. அப்புறம் காலை 11 மணி வரை ஏசி கிடையாது என்றார்கள். இன்சென்டிவ் நின்றது. செக்யூரிட்டியை எடுத்துவிட்டார்கள். 22 பேர் இருந்த இடத்தில் இப்போது 13 பேர். பில்லிங் கவுண்டரில் ஸ்டூல் உடைந்தால் வேறு ஸ்டூல் வருவதில்லை, பெண்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே பில் போடுகிறார்கள். ஸ்டாக் எடுக்கும்போது சரக்கு குறைந்தால் எல்லார் சம்பளத்திலும் பிடிக்கிறார்கள். வார லீவைக் கேட்டால் "அடுத்த வாரம் சேர்த்து எடுத்துக்கோங்க" என்கிறார்கள். ஃபினாயிலும் பில் ரோலும்கூடச் சில சமயம் என் கைக்காசில் வாங்குகிறேன். ஏரியா மேனேஜர் ஒவ்வொரு தடவையும் "இந்த ஒரு குவார்ட்டர் மட்டும் சமாளிங்கம்மா" என்பார். போன மாதம் கட்டிட ஓனர் இரண்டு தடவை கடைக்கு வந்து வாடகை கேட்டுச் சத்தம் போட்டார். இப்போது என் டீமில் இரண்டு பெண்களிடம் "சொந்தக் காரணத்துக்காக விலகுகிறேன்" என்று எழுதி வாங்கித் தரச் சொல்கிறார்கள். ஒருத்திக்கு நாலு வருட சர்வீஸ், இன்னொருத்திக்கு இரண்டு. வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். பிஎஃப் பணத்தை எடுத்துச் சொந்தமாக ஒரு கடை போடலாம் என்கிறார் கணவர். நான் இருப்பதா, போவதா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

டீ, ஸ்டூல், ஏசி எல்லாவற்றையும் தாண்டி என் கண் போய் நின்றது அந்தக் கட்டிட ஓனர் மேல்தான். எவ்வளவு சிக்கனம் பிடிக்கும் கம்பெனியும் வாடகையை நிறுத்தாது. நிறுத்தினால் கடைக்குப் பூட்டு விழும். ஓனர் நேரில் வந்து, வாடிக்கையாளர் பார்க்கச் சத்தம் போடுகிறார் என்றால், யாருக்கு முதலில் பணம் கொடுப்பது, யாரை இழுத்தடிப்பது என்று ஆள் பார்த்துக் கொடுக்கும் நிலைக்கு உங்கள் கம்பெனி வந்துவிட்டது. அந்த வரிசையில் ஊழியர்கள் கடைசிக்குப் பக்கத்தில்தான் நிற்பார்கள். பணம் வராவிட்டால் சப்ளையர் சரக்கை நிறுத்துவார், மின்வாரியம் ஃபியூஸைப் பிடுங்கும். நீங்கள் மறுநாள் காலையிலும் வந்து ஷட்டரைத் தூக்குவீர்கள்.

அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடனே ராஜினாமா செய்யாதீர்கள், ஆனால் இந்த வாரமே வேறு வேலை தேடத் தொடங்குங்கள். அந்த இரண்டு பெண்களிடமும் எதையும் எழுதி வாங்காதீர்கள். பிஎஃப் பணத்தைத் தொடாதீர்கள்.

நான் கடைத் தளத்திலிருந்து மனிதவளப் பக்கம் வந்தவன். ஏரியா மேனேஜர் நாற்காலியிலும் கொஞ்ச காலம் உட்கார்ந்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் இந்த வெட்டுகள் ஏன் எப்போதும் உங்கள் தலையிலேயே விழுகின்றன என்பது புரியும். சரக்கை விட்டுவிட்டால், ஒரு சூப்பர் மார்க்கெட்டின் பெரிய செலவுகள் வாடகை, ஆள், கரன்ட். வாடகை ஒப்பந்தத்தில் கட்டுண்டு கிடக்கிறது. இத்தனை காலம் இருந்தே ஆக வேண்டும் என்று எழுதிய லாக்-இன் காலம் முடியாமல் காலி செய்தால் மிச்ச மாதங்களுக்கும் கேட்பார்கள். ஃப்ரீசரை அணைக்க முடியாது. வட்டி வங்கியின் கையில். ஏரியா மேனேஜரின் கைக்கு எட்டுவது ஆளும் டீயும் ஸ்டூலும்தான். அவரிடம் இலக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு, எதை வெட்டலாம் என்ற அதிகாரத்தை மட்டும் கொடுக்காமல் விட்டிருப்பார்கள். அவர் மேல் கோபப்படுங்கள், நியாயம்தான். ஆனால் அவர் சொல்லும் "ஒரு குவார்ட்டர்" அவருக்கே மேலிருந்து வந்த வசனம்.

டீயில் எவ்வளவு மிச்சமாகியிருக்கும்? ஆளுக்கு ஒரு டீ 10 ரூபாய் என்றால், 22 பேருக்கு மாதம் 6,600 ரூபாய். மாதச் சாமான் வாங்கும் இரண்டு குடும்பம் வேறு கடைக்கு மாறினால் போய்விடும் விற்பனை அது. லாபத்தில் கணக்குப் பார்த்தால் இன்னும் பல குடும்பங்கள் வேண்டும் என்று ஹெட் ஆபீஸில் சொல்வார்கள், சரிதான். ஆனால் அந்தக் குடும்பங்களும் போய்க்கொண்டுதான் இருக்கின்றன, அது எந்த ரிப்போர்ட்டிலும் வருவதில்லை.

எப்படிப் போகின்றன என்பதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். சனிக்கிழமை மாலை ஏழு மணி. ஐந்து கவுண்டரில் இரண்டுதான் ஓடுகிறது. கூடையில் தயிர், கறிவேப்பிலை, இட்லி அரிசி, ஒரு டிஷ்வாஷ் பார் எடுத்துவைத்த ஒரு அம்மா வரிசையைப் பார்க்கிறார், கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், கூடையை பிஸ்கட் ரேக் ஓரமாக வைத்துவிட்டுப் போய்விடுகிறார். அரை மணி கழித்து யாராவது கவனிக்கும்போது தயிர் சூடேறியிருக்கும். அது டேமேஜ் கணக்கில் சேரும். அதே நேரத்தில் பின்னால் குடோனில் சமையல் எண்ணெய் அட்டைப் பெட்டியோடு கிடக்கும், ரேக்கில் இடம் காலியாக இருக்கும், கம்ப்யூட்டர் மட்டும் ஸ்டாக் இருக்கிறது என்று காட்டும். பிரித்து அடுக்க ஆள் இல்லை. சிஸ்டத்தில் ஸ்டாக் இருப்பதால் புது ஆர்டரும் போகாது. விற்பனை குறையும். ஆள் செலவு விற்பனையில் இத்தனை சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பல செயின்களில் எழுதிவைத்த விதி. விற்பனை குறைந்ததும் அந்த விதிப்படி இன்னும் ஒரு ஆளைக் குறைப்பார்கள். அடுத்த சனிக்கிழமை ஒரே கவுண்டர்.

இது உங்கள் கம்பெனி மட்டும் போன பாதையும் இல்லை. அமெரிக்காவில் சர்க்யூட் சிட்டி என்று ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைச் செயின் இருந்தது. 2007 மார்ச்சில் அது சுமார் 3,400 விற்பனை ஊழியர்களை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. அவர்கள் செய்த குற்றம், சந்தை நிலவரத்தைவிடக் கூடுதல் சம்பளம் வாங்கியது. அதாவது நீண்ட நாள் இருந்தவர்கள், டிவி பற்றிக் கேட்டால் பதில் தெரிந்தவர்கள். வேண்டுமானால் சில வாரம் கழித்துக் குறைந்த சம்பளத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றும் சொன்னார்கள். 2008 நவம்பரில் அந்தக் கம்பெனி திவால் மனு போட்டது, 2009 மார்ச்சில் கடைசிக் கடையும் மூடியது. ஆளைக் குறைத்ததால் மட்டும் மூடியது என்று சொன்னால் அது பொய். போட்டியும் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொண்டன. ஆனால் காப்பாற்றுவதற்காகச் செய்த வெட்டு அதைக் காப்பாற்றவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

நம் பக்கத்தில் சுபிக்ஷாவை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். 1997-ல் சென்னையில் தொடங்கி, நாடு முழுக்கச் சுமார் 1,600 கடை வரை போனது. கடன் வாங்கி வளர்ந்த கம்பெனி. கடன் வருவது நின்றதும் 2009 தொடக்கத்தில் அத்தனையும் மூடிக் கிடந்தது. சம்பளம் வராத ஊழியர்கள் எத்தனையோ பேர். அங்கேயும் சரக்கு வராமல் ரேக் காலியானதுதான் வெளியில் இருந்தவர்களுக்கு முதலில் தெரிந்தது.

செலவைக் குறைக்கிற எல்லாக் கம்பெனியும் மூழ்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. எதை வெட்டுகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். நஷ்டத்தில் ஓடும் கிளைகளை மூடிவிட்டு ஓடுகிற கிளைக்குச் சரக்கைத் திருப்பினால், ஓனரிடம் உட்கார்ந்து பேசி வாடகையைக் குறைத்தால், பாதித் தளத்தைத் திருப்பிக் கொடுத்தால், பத்து பிராண்ட் ஷாம்புவை நாலாகக் குறைத்தால், அது வைத்தியம். ஸ்பெயினில் மெர்கடோனா என்ற சூப்பர் மார்க்கெட் செயின் 2008 நெருக்கடியில் சரக்கு வகைகளைத்தான் குறைத்தது, ஊழியர்களைத் தொடவில்லை. இன்றைக்கும் அந்த நாட்டின் மிகப் பெரிய சூப்பர் மார்க்கெட் அதுதான். உங்கள் பட்டியலில் டீ, ஏசி, இன்சென்டிவ், செக்யூரிட்டி, ஆள் என்று வருகிறதே தவிர, இப்படி ஒன்றுகூட இல்லை. மூன்று வருடத்தில் ஒரு வெட்டாவது "இதைச் செய்தால் இன்ன தேதிக்குள் இது சரியாகும்" என்ற கணக்கோடு வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். வரவில்லை என்றால் அவர்களிடம் திட்டம் இல்லை, நாளைத் தள்ளுகிறார்கள்.

ஹெட் ஆபீஸ் எதையும் சொல்லாது. ஆனால் உங்களிடம் ரேக் இருக்கிறது. ஓடும் பிராண்டுகள் வருகின்றனவா, அல்லது கம்பெனியின் சொந்த பிராண்ட் பருப்பையும் சோப்புத்தூளையும் அகலமாகப் பரப்பி இடத்தை நிரப்பச் சொல்கிறார்களா? சப்ளையரின் சேல்ஸ்மேன் முன்போல் ஆர்டர் எடுக்க வருகிறாரா, இல்லை "பழைய பில் முடியட்டும் அக்கா" என்கிறாரா? ஃப்ரீசர் ரிப்பேருக்கு ஆள் கூப்பிட்டால் வருகிறார்களா? சம்பளம் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் வர வேண்டும் என்பது சட்டம். அந்தத் தேதி நகர்கிறதா? இவற்றில் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது பிஎஃப். உங்கள் சம்பளத்தில் பிடித்ததையும் கம்பெனி பங்கையும் சேர்த்து மறு மாதம் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். மத்திய அரசின் உமாங் செயலியில் பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்தால் மாதாமாதம் தெரியும். இன்று இரவே பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்திருக்கிறது, பாஸ்புக்கில் வரவில்லை என்றால் உங்கள் பணத்தை வைத்துக் கடை ஓடுகிறது என்று அர்த்தம். இரண்டு மாதம் அப்படி விட்டிருந்தால், அல்லது சம்பளம் இரண்டு தடவை 7-ம் தேதியைத் தாண்டினால், வேறு வேலை கிடைத்ததும் யோசிக்காமல் கிளம்புங்கள். 21,000 ரூபாய்க்குள் சம்பளம் என்பதால் உங்களுக்கு இஎஸ்ஐயும் உண்டு. அதையும் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஆஸ்பத்திரியில் போய் நிற்கும்போது தெரிந்துகொள்ளும் விஷயம் இல்லை அது.

இனி அந்த இரண்டு பெண்கள். ஒரு வருடத்தில் 240 நாள் வேலை செய்த தொழிலாளியை ஆள் அதிகம் என்று நிறுத்தினால், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும்; முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். பழைய தொழில் தகராறு சட்டத்திலும் இதுதான் இருந்தது, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இதுதான் இருக்கிறது. புதியதில் மறுபயிற்சி நிதிக்கென்று இன்னொரு 15 நாள் சம்பளமும் சேர்ந்திருக்கிறது. அப்படியென்றால் நாலு வருடப் பெண்ணுக்கு நோட்டீஸோடு சேர்த்து மூன்று மாதச் சம்பளம், அதற்கு மேல் அந்த 15 நாள். இரண்டு வருடப் பெண்ணுக்கு இரண்டு மாதமும் 15 நாளும். "சொந்தக் காரணத்துக்காக விலகுகிறேன்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அத்தனையும் போச்சு. அந்த ஒரு வரிக்காகத்தான் உங்களை அனுப்புகிறார்கள், ஹெச்ஆர் நேரில் வராததும் அதனால்தான். பின்னால் அந்தப் பெண்கள் வழக்குப் போட்டால், எழுதி வாங்கியது சூப்பர்வைசர் என்று உங்களைக் கை காட்டுவார்கள்.

ஏரியா மேனேஜரிடம் சண்டை வேண்டாம். "சார், இதை ஹெச்ஆர்லேர்ந்து லெட்டரா கொடுக்கச் சொல்லுங்க, நான் சேர்த்துடறேன். வாயால சொல்லி எழுதி வாங்கறது என் வேலை இல்ல சார்" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த லெட்டர் வரவே வராது. அந்தப் பெண்களிடம் தனியாகச் சொல்லிவையுங்கள்: படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே, வெற்றுத் தாளில் போடவே போடாதே. கட்டாயப்படுத்தி வாங்கிவிட்டால் அன்றைக்கே, மறுநாள்கூட இல்லை, "இது என் விருப்பத்தில் எழுதியதில்லை" என்று ஹெச்ஆருக்கு ஒரு மின்னஞ்சல் போட வேண்டும்.

உங்கள் நிலை கொஞ்சம் சிக்கலானது. புதிய தொகுப்பின்படி மேற்பார்வைப் பணியில் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் தொழிலாளி என்ற வரையறைக்குள் வரமாட்டார். ஆனால் பேட்ஜில் என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை, நாள் முழுக்க என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்கும். 13 பேர் இருக்கும் கடையில் நீங்களும் பில் போட்டு, பெட்டி பிரித்து, தரை துடைத்துக்கொண்டுதான் இருப்பீர்கள். அதற்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஐடியில் பில் ஓடியது என்பதுகூட ஆதாரம்தான். இது ஒரு பக்கம் இருக்க, 1947-ன் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், நிர்வாகப் பதவியில் இருப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அப்படியே பொருந்தும். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணம் இல்லாமல், ஒரு மாத நோட்டீஸோ சம்பளமோ தராமல் நீக்க முடியாது என்று அதன் 41-வது பிரிவு சொல்கிறது. வாரத்துக்கு ஒரு முழுநாள் விடுமுறையும் அதில் உண்டு. "சேர்த்து எடுத்துக்கோங்க" என்பது அதில் எங்கும் இல்லை.

ஸ்டூலுக்கும் சட்டம் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? 2021-ல் அந்தச் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை வசதி செய்து தர வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும். தி.நகரிலும் மற்ற ஊர் ஜவுளிக் கடைகளிலும் கால் வீங்க நின்ற பெண்களின் குரல்தான் அதன் பின்னால் இருந்தது. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலின் விலையை நினைத்துப் பார்த்தால், இதை வாங்காமல் மிச்சம் பிடிக்கும் கம்பெனியின் மூளை எங்கே இருக்கிறது என்று எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

சரக்குக் குறைவுக்கு எல்லார் சம்பளத்திலும் பிடிப்பது சட்டப்படி நிற்காது. ஒருவர் பொறுப்பில் ஒப்படைத்த பொருள், அவருடைய அலட்சியத்தால்தான் போனது என்று காட்டி, அவரிடம் விளக்கம் கேட்ட பிறகுதான் பிடிக்கலாம். செக்யூரிட்டியை எடுத்தது கம்பெனி, திருட்டு கூடினால் கட்டுவது நீங்களா? எத்தனை ரூபாய், எந்த மாதம் என்று சம்பளச் சீட்டோடு எழுதிவையுங்கள். தொழிலாளர் துறையின் உதவி ஆணையர் அலுவலகம் மாவட்டத்திலேயே இருக்கிறது. பிஎஃப் மண்டல அலுவலகமும் திருச்சியிலேயே இருக்கிறது. பிஎஃப் புகாரை ஆன்லைனிலும் போடலாம். இன்றைக்கே போய்ப் புகார் கொடுங்கள் என்று சொல்லமாட்டேன். ஒருத்தராகப் போனால் உங்களைக் குறி வைப்பார்கள். நாலைந்து பேர் சேர்ந்து, காகிதங்களோடு, போக வேண்டிய நாளில் போங்கள்.

அந்தக் காகிதங்களை இப்போதிருந்தே சேர்க்க வேண்டும். நியமன ஆணை, சம்பளச் சீட்டுகள், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு ஸ்டேட்மென்ட், வருகைப் பதிவின் படம், ஐடி கார்டின் நகல், லீவைத் தள்ளிப்போடச் சொன்ன வாட்ஸ்அப் செய்திகள். கம்பெனி மின்னஞ்சலில் இருப்பதை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். ஒருநாள் காலையில் லாகின் வேலை செய்யாமல் போகும். உங்களைப் பற்றிய ஆவணங்களை மட்டும் எடுங்கள், கம்பெனியின் விற்பனைக் கணக்கையோ வாடிக்கையாளர் பட்டியலையோ தொடாதீர்கள்.

பணம் எவ்வளவு நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கிராஜுவிட்டிக்கு, அதாவது பணிக்கொடைக்கு, கடைசிச் சம்பளத்தின் பேசிக்கும் டிஏவும்தான் கணக்கு. 13,000-ஐ 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்தால் 7,500. 11 வருடத்துக்கு 82,500 ரூபாய். ஐந்து வருடம் தாண்டிவிட்டதால் நீங்களாக விலகினாலும் இது உங்களுடையது. எடுக்காத லீவுக்கான பணம், நிலுவைச் சம்பளம் தனி. வேலையை விட்டால் சம்பளக் கணக்கை இரண்டு வேலை நாளில் முடிக்க வேண்டும் என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. நடைமுறையில் அலைய வைப்பார்கள். ஆனால் கேட்கிற கடிதத்தில் அந்த விதியைக் குறிப்பிட்டால் ஹெச்ஆருக்குப் பேச்சு மாறும்.

கம்பெனி திவால் வழக்குக்குப் போய்விட்டால்? தொழிலாளர்களுக்குக் கடைசி 24 மாதத்தில் நின்ற பாக்கி, அடமானம் வைத்துக் கடன் கொடுத்த வங்கிகளுக்குச் சமமான வரிசையில் வருகிறது. மற்ற ஊழியர்களுக்கு 12 மாதம், அடுத்த வரிசையில். பிஎஃப், கிராஜுவிட்டி நிதியில் இருக்கும் பணத்தைக் கடன்காரர்கள் பங்கு போட முடியாது. சட்டம் நல்லபடியாகத்தான் எழுதியிருக்கிறது, காலம்தான் தின்றுவிடும். பிக் பஜாரை நடத்திய ஃப்யூச்சர் ரீடெயில் 2022 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனது. சொத்தை விற்றுக் கணக்கை முடிக்கலாம் என்ற உத்தரவே 2024 ஜூலையில்தான் வந்தது. அதனால்தான், சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நகரச் சொல்கிறேன்.

அதுவரை தினமும் கடைக்குப் போக வேண்டுமே, அதை எப்படித் தாங்குவது? உங்கள் கோபத்தின் பெரிய பகுதி, 22 பேர் செய்த வேலையை 13 பேரை வைத்துச் செய்ய முயல்வதில் இருந்து வருகிறது என்று நினைக்கிறேன். கடை எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தவர் நீங்கள். தெரியாதவர்களுக்கு இந்த எரிச்சல் வராது. ஒன்பது பேர் போனபோது ஒன்பது பேரின் வேலையும் போயிருக்க வேண்டும். எதை விடலாம் என்று யாரும் சொல்லவில்லை, அதனால் எல்லாம் உங்கள் மேல் நிற்கிறது. ஆகவே கேட்டுவிடுங்கள், எழுத்தில்: "13 பேரை வைத்துப் பில்லிங், எக்ஸ்பைரி பார்ப்பது, பால்-ஃப்ரீசர், காலை ரேக் நிரப்புவது இவ்வளவும் செய்ய முடியும். ஆஃபர் டிஸ்ப்ளே மாற்றுவது, வாரா வாரம் விலை ஸ்டிக்கர், ஆன்லைன் ஆர்டர் பேக்கிங் மூன்றில் எதை நிறுத்தட்டும்?" பதில் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் நீங்களே ஒன்றை நிறுத்துங்கள், நிறுத்தியதாக இன்னொரு வரி எழுதுங்கள். எக்ஸ்பைரியிலும் ஃப்ரீசரிலும் மட்டும் கை வைக்காதீர்கள்; அங்கே தவறினால் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும், உணவுப் பாதுகாப்புத் துறை வந்து நின்றால் பதில் சொல்லப்போவதும் கடையில் இருப்பவர்தான்.

இன்னொன்று செய்து பார்க்கலாம். ஒரு மாதம், சனி ஞாயிறு மாலை மட்டும், பில் போடாமல் விட்டுப்போன கூடைகளை எண்ணி, உள்ளே இருந்த சாமானின் விலையைக் குறித்துவையுங்கள். கடைசியில் அந்தத் தொகையோடு "வாரக் கடைசியில் மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை இரண்டு பேர் கூடுதலாகக் கொடுங்கள்" என்று கேளுங்கள். டீயைத் திருப்பிக் கேட்பதைவிட இதை மறுப்பது கஷ்டம். கொடுத்தால் உங்கள் பெண்களுக்குக் கொஞ்சம் மூச்சு வரும். கொடுக்காவிட்டாலும், அடுத்த இன்டர்வியூவில் "என் கடையில் நான் என்ன செய்தேன்" என்று சொல்ல உங்களிடம் ஒரு கணக்கு இருக்கும்.

கைக்காசில் ஃபினாயில் வாங்குவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. நீங்கள் வாங்கிப் போடும்வரை ஃபினாயில் தீர்ந்துபோனது மேலே யாருக்கும் தெரியப்போவதில்லை. சரக்குக் கேட்டு இன்டென்ட் போட்டோமா, வரவில்லையா, அப்படியே விடுங்கள். பில் ரோல் இல்லையென்றால் அந்தக் கவுண்டர் மூடியிருக்கட்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் நான் மனநல மருத்துவன் இல்லை, ஒரு நடைமுறை யோசனை மட்டும். வாரம் ஒரு நாள் முழு லீவு என்பதை முதலில் மீட்டெடுங்கள். சட்டத்தைக் காட்டி வாங்க வேண்டிய முதல் உரிமை அதுதான், பிடித்தம் செய்த பணம்கூட அப்புறம்தான். லீவன்று கடை வாட்ஸ்அப் குழுவை ம்யூட் செய்துவிடுங்கள். வீட்டில் என்ன நடக்கிறது என்று பெரிய பிள்ளையிடம் சொல்லுங்கள். அம்மா எதற்காகக் கத்துகிறாள் என்று தெரியாமல் இருப்பதுதான் அவர்களுக்குக் கஷ்டம். தூக்கம் போய்விட்டது, அழுகை நிற்கவில்லை என்றால் இஎஸ்ஐ மருத்துவரையே பார்க்கலாம்.

வேலை தேடும்போது "சூப்பர்வைசர்" என்று மட்டும் எழுதாதீர்கள். இன்டென்ட் போடுவது, சரக்கு வந்து இறக்கும்போது பில்லோடு சரிபார்ப்பது, எக்ஸ்பைரி ரிட்டர்ன், கேஷ் டேலி, ஷிஃப்ட் போடுவது என்று விரித்து எழுதுங்கள். சூப்பர் மார்க்கெட்தான் வேண்டும் என்றில்லை. மருந்துக் கடைச் செயின்கள், மருத்துவமனை ஸ்டோர், சோப்பு, பிஸ்கட் போன்ற அன்றாடச் சாமான் (எஃப்எம்சிஜி) விநியோகஸ்தர் குடோன், கல்லூரி விடுதி ஸ்டோர் இங்கெல்லாம் இந்த வேலை தெரிந்தவருக்குத் தேவை இருக்கிறது. பத்து நிமிட டெலிவரி கம்பெனிகளின் குடோன்களும் ஆள் எடுக்கின்றன. சம்பளம் பார்க்க நன்றாக இருக்கும், இரவு ஷிஃப்டையும் பிஎஃப் யார் பெயரில் கட்டுகிறார்கள் என்பதையும் கேட்டுவிட்டுச் சேருங்கள், பல இடத்தில் கான்ட்ராக்டர் வழியாகத்தான் எடுப்பார்கள். உங்களுக்குச் சரக்குப் போடும் சேல்ஸ்மேன்களிடம் சொல்லிவையுங்கள். எந்தக் கடைக்கு ஆள் தேவை, எந்தக் கடை ஒழுங்காகப் பணம் கொடுக்கிறது என்ற இரண்டும் அவர்களைவிட யாருக்கும் தெரியாது.

கடைசியாக உங்கள் கணவரின் யோசனை. அவர் உங்கள் திறமையை நம்பித்தான் சொல்கிறார், சந்தோஷம். ஆனால் உங்கள் கம்பெனியை அடித்த அதே வாடகையும், அதே மெல்லிய லாபமும், அதே ஆன்லைன் போட்டியும் உங்கள் கடைக்கும் வரும். அவர்களுக்கு வங்கி கடன் கொடுத்தது, உங்களுக்கு இருப்பது பிஎஃப் ஒன்றுதான். கடை போட ஆசை இருந்தால், வேறு வேலையில் உட்கார்ந்துகொண்டு, தெருவில் ஓடும் ஒரு மளிகைக் கடைக்காரரிடம் அவருடைய மாத வாடகை, கடன் நோட்டில் வராத பாக்கி இரண்டையும் கேட்டுப் பாருங்கள். கிராஜுவிட்டி 82,500 கைக்கு வந்த பிறகு, அதற்குள் அடங்குகிற அளவில் வீட்டிலிருந்தே இட்லி மாவோ மசாலாப் பொடியோ போட்டுப் பார்ப்பது வேறு விஷயம். அதற்கு நான் தடை சொல்லமாட்டேன், உணவுப் பாதுகாப்புப் பதிவை மட்டும் முதலில் வாங்கிவிடுங்கள்.